கரடிக்குச் சூசை என்று பெயர் வைத்தவர்

அந்த அக்கா வாயை மூடியிருந்து நான் பார்த்தது ஒரே ஒரு வாரம். அதற்கும் காரணம் நான்தான். மற்றபடி, பாளையம்பட்டியில் அவருக்கு எதிர்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஐந்து வருடமும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

பேசுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அதைச் சகித்துக்கொள்ளலாம். இவர் அடுத்தவர்களுக்காகப் பேசுவார். ஆஸ்பத்திரிக்கு யாருக்காவது துணையாகப் போனால், டாக்டர் கேட்பதற்கெல்லாம் இவரே பதில் சொல்லி, நோயாளிக்கு இல்லாத வயிற்றுவலியையும் சேர்த்துவிடுவார். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் இவர் முடித்துவிடுவார் என்று அவர் வீட்டுக்காரரே சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் அதைக் கேட்டுச் சிரித்ததில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் வாயிலிருந்து எதைப் பிடுங்குவாரோ என்ற பயம்.

அவர் இருபது வருடம் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். முப்பது தறி ஒன்றாக ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒருவர் வாயசைவை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், எதுவும் கெட்டுப்போகாது. முழங்கால் வலி வந்து அவர் வேலையை விட்டபோது இரண்டு விஷயங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒன்று அந்தக் குரல். இன்னொன்று, உலகத்தில் எந்த வாயைப் பார்த்தாலும் அது என்ன சொல்கிறது என்று தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை.

நாங்கள் குடிவந்த இரண்டாவது மாதம், மாமியார் வந்து தங்குவது பற்றி எனக்கும் என் கணவருக்கும் ஒரு பேச்சு வந்தது. குரலை உயர்த்தவில்லை. ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏத்தா கலா, ஒன் வீட்டுக்காரரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குத்தா. பத்து நாளுதான இருக்கப் போறாக? இருந்துட்டுப் போகட்டும்.”

“உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?”

“ஒங்க வாயப் பாத்தேன்” என்றார், பால்காரரைப் பார்த்தேன் என்பது போல.

சரியாகச் சொன்னாரா என்றால் பாதிதான் சரி. மாமியார் தங்க இருந்தது ஒரு மாதம். ஆனால் அன்றிலிருந்து நானும் என் கணவரும் தெருப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சண்டை போட்டோம். முகத்தைப் பார்க்காமல் சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு முறை அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் விருதுநகர் பஸ்ஸுக்காக நின்றோம். எதிர்ப்பக்கம் ஒரு பையனும் பெண்ணும் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்தார். “ஆத்தி! ‘அப்பாவுக்குத் தெரியுறதுக்குள்ள போயிரணும்’ங்கிறாளே! ஓடிப்போகுதுகத்தா!” நான் தடுப்பதற்குள் ரோட்டைக் கடந்து போய் அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர்கள் அண்ணன் தங்கை. கல்லூரிக்கு மனுப் போட மதுரைக்குப் போகிறவர்கள். அந்தப் பையன் என்னையும் சேர்த்து முறைத்தான். அக்கா பஸ்ஸில் உட்கார்ந்து, “பொய் சொல்லுதுக” என்று முடித்துவிட்டார்.

அவருக்குத் தங்கை ஒருவர் இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தார். எந்த ஊர் என்று கேட்டால் அக்கா லண்டன் என்பார். கடிதத்தில் வேறு ஊர்தான் போட்டிருக்கும். அந்தத் தங்கை ஒரு டெக்கும், தன் குழந்தையின் ஞானஸ்நான விழாவைப் பதிந்த ஒரு வீடியோ கேசட்டும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மூன்று மணி நேர கேசட்டில் ஞானஸ்நானம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதியில் அந்த ஊர் டிவியில் வந்ததெல்லாம் அப்படியே பதிவாகியிருந்தது. சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்கென்று போடும் கார்ட்டூன்கள், நடுவில் விளம்பரங்கள், ஒரு வானிலை அறிக்கை.

சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டில் கூடிய எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தக் கார்ட்டூனுக்காக, முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதை எத்தனை முறை பொறுமையாகப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அக்கா ஓட்டிவிட மாட்டார். “சாமி காரியத்த ஓட்டக்கூடாது” என்பார்.

கார்ட்டூனில் நீலத் தலைமுடியும் முகத்தில் பாதிக்குக் கண்ணுமாக ஒரு பெண். அவளுக்கு ஒரு படகு. படகைத் தள்ள ஒரு இரும்புக் கரடி. தொலைந்துபோன தம்பியைத் தேடி அவர்கள் தீவு தீவாகப் போவார்கள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அக்காவுக்கு எல்லாமே புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நீலவேணி என்று பெயர் வைத்தார். கரடிக்குச் சூசை. சூசை என்பது அவர் வீட்டுக்காரரின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை வாயால் சொல்லாதவர், கரடியைச் சாக்கு வைத்து நாளுக்கு நூறு தடவை கூப்பிட்டார். “ஏலே சூசை, தள்ளுலே! திங்கத் தெரியுதுல்ல, தள்ளத் தெரியாதா?” சாப்பாட்டுத் தட்டோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் சூசை அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொள்வார்.

டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுத்தான் இந்தப் பேச்சு. ஒரு கையால், வீட்டில் கூலிக்கு நூல் சுற்றும் மெஷினில் நூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, எல்லா வாய்க்கும் அவரே பேசுவார். விளம்பரத்தையும் விடமாட்டார். நாய்த் தீனி விளம்பரத்தை பிஸ்கட் என்று வர்ணித்ததில், பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அதைக் கேட்டு அழுதார்கள். வானிலை சொல்லும் ஆள் வரைபடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டும்போது, “இங்கிட்டு மழ, அங்கிட்டு மழ, மேல மழ, கீழ மழ. நம்ம திருச்சுழிப் பக்கம் ஒரு தூத்தல் போட்டா கொறஞ்சா போயிருவான்?” என்று கோபப்படுவார். அதற்குப் பெரியவர்களும் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. என் மகள் சுகந்திக்கு அப்போது நான்கு வயது. சிஸ்டர்கள் நடத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு இடம் கேட்டிருந்தோம். பிள்ளையிடம் இங்கிலீஷில் கேட்பார்கள், அதுவே பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னார்கள். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பி.ஏ. தபாலில் படித்தேன். இங்கிலீஷில் எழுதிவிடுவேன். யாராவது நேரில் கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு என் மகளுக்கு வரக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது வேண்டுதல். காதில் விழ விழ மொழி தானாக வரும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். இங்கிலாந்து டிவி எதிர்வீட்டிலேயே ஓடுகிறது. இதைவிட என்ன வேண்டும்?

போய்க் கேட்டேன். “அக்கா, சுகந்திக்கு இண்டர்வியூ இருக்கு. கொஞ்ச நாளைக்குச் சத்தத்த வச்சே போடுங்கக்கா. இங்கிலீஷ் காதுல விழட்டும்.”

“அதுக்கென்னத்தா, வச்சாப் போச்சு.”

பத்து நிமிடம் வைத்தார். நான் வீட்டுக்கு வந்து குக்கரை இறக்குவதற்குள் நீலவேணி தெருவே கேட்கத் தமிழில் அழுதுகொண்டிருந்தாள். திரும்பப் போனேன்.

“என்னக்கா இது?”

“இரு. நீயே பாரு. அவ வாயப் பாரு. பேச்சு முடிஞ்ச பெறகும் வாயி அசையுது. வாயி மூடுன பெறகும் பேச்சு வருது. மீனு மாதிரி தெறந்து தெறந்து மூடுறா. இது அவ பேச்சே இல்லத்தா. எவளோ ஒருத்தி உள்ள ஒளிஞ்சுகிட்டுப் பொய்யாப் பேசுறா. பொய்யி எதுக்குப் பிள்ளைகளுக்கு?”

“அது படம்கா. வரஞ்ச வாய்.”

“வரஞ்சவன் என்ன பேசுறதுன்னு நெனச்சுத்தான வரஞ்சிருப்பான்?”

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை டிவிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து, சத்தம் வைக்கும் பட்டன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டேன். அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டிவியைவிடச் சத்தமாகப் பேசினார். முப்பது தறியை ஜெயித்த குரல் அது.

அதோடு விட்டாரா? அந்தப் பெண் வெள்ளைக்காரியே இல்லை என்று ஒருநாள் ஆரம்பித்தார். “வாசல்ல செருப்பக் கழட்டிட்டுல்ல உள்ள போறா? வெள்ளக்காரி கழட்டுவாளா? சம்மணம் போட்டு ஒக்காந்து சோறு திங்கிறா. குச்சியில திங்கிறா, சரி, ஆனா சோறு. பெரியவுகளப் பாத்தாக் குனிஞ்சு கும்புடுறா. இவ வேற ஊருக்காரி.” நான் படித்தவள் என்ற நினைப்பில், லண்டன் டிவியில் லண்டன் படம்தான் வரும் என்று அடித்துச் சொன்னேன். அவர் விடாமல் தங்கைக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. அது ஜப்பான் படமாம். ஜப்பான் பேச்சை எடுத்துவிட்டு இங்கிலீஷ் பேச்சைப் போட்டுத்தான் அங்கே டிவியில் காட்டுகிறார்களாம்.

ஒரு மாதம் அந்தக் கடிதம் அவர் இடுப்பிலேயே இருந்தது. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், பால் ஊற்றும் இடத்தில். “அவன் இங்கிலீஷுல பேசலாம், நான் தமிழுல பேசக்கூடாதா? அவனும் மாத்தித்தான பேசுறான்?” என்று கேட்பார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாதது எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. பிள்ளையை அங்கே அனுப்புவதா வேண்டாமா என்று தினமும் யோசிப்பேன். அனுப்பாவிட்டால் அழுவாள். அனுப்பினால் சூசை பேசிய தமிழோடு திரும்பி வருவாள். வீட்டில் உட்காரவைத்துச் சார்ட்டைக் காட்டி ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

இண்டர்வியூ அன்று என் கணவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். சுகந்திக்கு இரட்டைப் பின்னல். சிஸ்டர் வயதானவர், அமைதியான முகம். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, “வாட் இஸ் யுவர் நேம்?” என்று கேட்டார்.

“சுகந்தி, சிஸ்டர்” என்றேன் நான்.

“ஹௌ ஓல்ட் ஆர் யூ?”

“ஃபோர், சிஸ்டர்.”

இரண்டையும் சொன்னது என் வாய்தான். அது எனக்கு அப்போது தெரியவில்லை. பிள்ளை தயங்குகிற அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியவில்லை. சிஸ்டர் சிரித்துக்கொண்டே தமிழில், “அம்மா, பிள்ளைய கொஞ்சம் பேச விடுங்க” என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் ஒரு யானைப் படத்தை எடுத்துக் காட்டினார். நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். சுகந்தி சிஸ்டரையும் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது பசு. அடுத்தது ரயில். நான்காவது படத்துக்கு, எனக்கே தெரியாமல், “அம்ப்ரெல்லா, சிஸ்டர்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சிஸ்டர் என் கணவரை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு, என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். நான் எழுந்ததும் பிள்ளை அழ ஆரம்பித்தாள். பிறகு பெஞ்சில் இருந்த எனக்கு அவளிடமிருந்து அழுகையைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பலகையில் ஒட்டிய பட்டியலில் சுகந்தி பெயர் இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பலமுறை பார்த்தேன். நானும் கணவரும் திரும்பி வரும்போது அக்கா வாசலில் நின்றார்.

“கெடச்சிருக்கும். சுகந்தியக் கேட்டிருப்பாக, அவ டாண்ணு சொல்லியிருப்பா…”

“இல்லக்கா. கெடைக்கல.” என்றேன். “ஒங்க வாயாலதான் கெடைக்கல. ஒரு நாள், ஒரு நாளாவது அந்த இங்கிலீஷ என் பிள்ள காதுல விழ விட்டீங்களா? ஊரு வாய்க்கெல்லாம் நீங்களே பேசணுமா? என் பிள்ள வாயையும் நீங்களே மூடிட்டீங்க.”

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

என் கணவர் வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றியபடி மெதுவாகச் சொன்னார். “அக்கா என்ன செஞ்சாங்க? சிஸ்டர் கேட்டதுக்கெல்லாம் நீதான பதில் சொன்ன?” நான் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை எதிர்வீட்டு டிவியிலிருந்து சுத்தமான இங்கிலீஷ் கேட்டது. அக்கா நூல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். “பெரியம்மா, சூசை என்ன சொல்லுது?” என்று ஒரு குட்டி கேட்டது. “அதுவாத்தான பேசுது. கேளு” என்றார். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். சுகந்தி மட்டும் கடைசிவரை இருந்தாள். அவளும் டிவியைப் பார்க்கவில்லை, அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயடியிலும் அவர் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று விசாரித்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். நான் கேட்டது இதைத்தானே? நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் உப்பு அதிகம், மறுநாள் உப்பே இல்லை என்று என் சமையல் ஆயிற்று. பிள்ளையின் இடம் போனதற்கு அவர் காரணம் என்று நினைத்தால் என்னால் தூங்க முடிந்தது. அவர் அதை நம்பிவிட்டார் என்று நினைத்தால் முடியவில்லை. எப்படியும் இடம் திரும்பக் கிடைக்கப் போவதில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவே என் மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தெருவில் எல்லாத் தறியும் நின்றன. அந்த அமைதியில் எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா நின்றுபோன மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

“அக்கா, அன்னிக்கி சிஸ்டர் இங்கிலீஷுல கேட்டதுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். பிள்ளைய வாயத் தெறக்கவே விடல. வெளிய போங்கன்னே சொல்லிட்டாங்க. நான் வெளிய போனதும் அவ அழுதுட்டா. ஒங்களால இல்லக்கா. என்னாலதான்.”

அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தார். சொல்லி முடித்த பிறகும், இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தார். பிறகு துணியைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் பேசலாமா?”

“பேசுங்கக்கா.”

அவ்வளவுதான் சொன்னேன். அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வார் என்று யோசித்திருக்க வேண்டும். மறுநாள் காலை குடத்தோடு குழாயடிக்குப் போனபோது, வரிசை முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அக்கா நடுவில் நின்று நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் கதையில் நான் சிஸ்டர் முன்னால் கைகட்டி நின்று ஏ முதல் இசட் வரை ஒப்பித்தேன். யானை மாதிரிப் பிளிறினேன். என் கணவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். “கடேசியா சிஸ்டரு பிள்ளையப் பாத்து, ‘நீ ஏதாச்சும் சொல்றியாம்மா’ன்னு கேட்டாக. இது என்ன சொல்லுச்சு தெரியுமா? கையக் கட்டிக்கிட்டு, ‘சிஸ்டர், எங்கம்மாவுக்கே சீட்டக் குடுத்துருங்க. நல்லாப் படிக்கும்’னுருச்சு!”

என் இடுப்பில் இருந்த சுகந்தி கைதட்டிச் சிரித்தாள். எனக்குக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. “அக்கா, அவ அப்பிடிச் சொல்லவே இல்ல” என்றேன். “நீதான் வெளிய இருந்தியேத்தா, ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

சுகந்தியை அருகில் இருந்த தமிழ் மீடியம் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு வருடம் கழித்து அக்கா மகனோடு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். நாங்களும் வீடு மாறிவிட்டோம். சுகந்திக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளியில் யார் எதைக் கேட்டாலும் முதலில் கையைத் தூக்குகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். அது புகாரா பாராட்டா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘எங்கம்மாவுக்கே சீட்டக் குடுத்துருங்க’ என்று தான் சிஸ்டரிடம் சொன்னதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பொறுக்க முடியாமல் உட்காரவைத்து விளக்கினேன். நீ அழுதாய், எதுவும் பேசவில்லை, அது அந்தப் பெரியம்மா கட்டிய கதை என்றேன்.

“இல்லம்மா, நான் சொன்னேன். சிஸ்டர் சிரிச்சாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு” என்கிறாள்.

சிஸ்டரைத் தவிர அந்த அறையில் கடைசிவரை இருந்த பெரியவர் என் கணவர் ஒருவர்தான். அவரைக் கூப்பிட்டேன். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மேலே பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எனக்கும் அவ சொன்ன மாதிரிதான் ஞாபகம் இருக்கு” என்றார்.